ஹீற்றர் போடாமல் பார்க்டேலுக்கு

என்னைக் கனடாவுக்கு அனுப்பியது ஒரே ஒரு வேலைக்காக. மாமியைச் சாப்பிட வைக்க வேண்டும். பாரிஸில் அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அக்கா சாப்பிடுறாவில்லையாம். உன்ரை விசர்க்கதையளைக் கேட்டால் சிரிப்பா. சிரிச்சால் ரெண்டு வாய் சாப்பிடுவா. போட்டு வா."

ஓ.எல். பரீட்சையையே தாண்டாத எனக்கு, வாழ்க்கையில் முதன்முதலாக அரசாங்க உத்தியோகம் கிடைத்ததுபோல இருந்தது. உணவகத்தில் கோப்பை கழுவும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, இருந்த இரண்டு ஜம்பரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன்.

மாமி ஏன் சாப்பிடவில்லை என்பது ஒன்றும் இரகசியம் இல்லை. அவருடைய மூத்த மகன் ரூபன், மனைவியோடும் கைக்குழந்தையோடும் வன்னிக்குள் இருந்தான். சண்டை முடியப்போகிற மாதங்கள் அவை. செய்தியில் ஒவ்வொரு முறையும் ஊர்களின் பெயர் குறைந்துகொண்டே வந்தது. ரூபன் எனக்குச் சில மாதம் மூத்த மச்சான். பள்ளிக்கூடத்தில் நான் செய்த குழப்படிக்கெல்லாம் பக்கத்து வாங்கில் இருந்து சிரித்தே அடி வாங்கியவன். அவன் சிரிப்பு விக்கல் எடுப்பதுபோல இருக்கும். அடக்க அடக்கக் கூடும்.

ரொறன்ரோ விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி, எதற்காக வந்தாய் என்று கேட்டாள். மாமியைச் சிரிக்க வைக்க என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதுதான் வந்தது. அவள் முத்திரையைக் குத்திவிட்டு, "என் மாமியாரையும் ஒருமுறை வந்து பார்" என்றாள்.

வெளியே வந்த முதல் மூச்சிலேயே மூக்கு மயிர் விறைத்துக் குத்தியது. பாரிஸ் குளிர் ஈரத்துணியைப் போர்த்தியது மாதிரி. இந்தக் குளிர் பல் உள்ள சாதி.

மாமியின் இளைய மகன் சுதன் அந்த விமான நிலையத்தில்தான் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை செய்தான். வேலை முடித்து நேராக என்னை ஏற்ற வந்திருந்தான். சின்னப் பழைய கார். ஏறியதும் சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

"மச்சான், ஆரும் பின்னாலை நிண்டு தள்ளுறாங்களோ?"

"கரண்டிலை ஓடுதடா. எஞ்சினைக் கழட்டிப்போட்டுப் பற்றரி வைச்சிருக்கு. கராஜ்கார நூர் நானாவும் நானும் சேந்து செய்தது." அவன் குரலில் முதல் பிள்ளை பிறந்தவனின் பெருமை.

"அப்ப ஹீற்றரைப் போடன். கால் செத்துப்போச்சு."

"பின்னுக்குப் போர்வை கிடக்கு, எடு."

"ஹீற்றர் இல்லையோ?"

"இருக்கு. போட்டால் வீட்டை போய்ச் சேரமாட்டம்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. முன்னால் ஒரு சின்ன வட்டத்துக்குள், பற்றரியில் மிச்சம் எவ்வளவு என்று காட்டும் ஒரு முள் இருந்தது. அவன் ரோட்டைப் பார்த்ததைவிட அந்த முள்ளைப் பார்த்ததுதான் அதிகம். இருபக்கமும் வீடு உயரத்துக்கு லொறிகள். போர்வைக்குள் இருந்து நானும் அந்த முள்ளையே பார்க்கத் தொடங்கினேன். அன்று பிடித்த பயம், அந்தப் பயணம் முழுக்க என்னோடு கூட வந்தது.

மாமி வீடு டோர்செட் பார்க்கில், அடுக்குமாடி ஒன்றின் இரண்டாம் மாடி. பல்கனியிலிருந்து ஒரு நீள வயர் கீழே தொங்கி, வெட்டவெளியில் நின்ற காருக்குப் போனது. மாட்டுக்குப் போட்ட கயிறு மாதிரி.

மாமி கதவைத் திறந்தார். பாதியாகிப் போயிருந்தார். "வா தம்பி. அண்ணா சுகமோ?" என்று கேட்டார். அப்பா அவருக்குத் தம்பி. அதைக்கூட மாறிச் சொல்கிற நிலையில் இருந்தார். தொலைக்காட்சிச் சத்தம் ஓய்வதே இல்லை. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, சோற்றை ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் அதிகாரி கதையைச் சொன்னேன். விமானத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் குறட்டைவிட்ட கதையைச் சத்தத்தோடு செய்து காட்டினேன். "ம்" என்றார். என் உத்தியோகம் முதல் நாளே ஆட்டம் கண்டது.

அடுத்த நாள் சுதன் என்னை நூர் நானாவின் கராஜுக்குக் கூட்டிப்போனான். காத்தான்குடிக்காரர், அங்கே நானா என்றால் அண்ணன். கடைத்தொகுதியின் பின்பக்கத்தில் ஒரு கதவு, உள்ளே முழுக்க எண்ணெய் வாசம். எங்களைக் கண்டதும் இஞ்சிப் பிளேன்ரீ ஊற்றினார்.

"நானா, இந்தக் காருக்கு ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? ஒரு சூட்டுக் காத்துக்குக்கூட வழியில்லை" என்றேன்.

"தம்பி, பெற்றோல் கார் ஒரு ஊதாரி. எரிக்கிறதுல முக்காவாசியச் சூடாக்கி வீணா விடுற. அந்த வீண் சூட்டத்தான் நீங்க ஓசியில காயிற. இதுல வீணாகச் சூடு இல்ல. சூடு வேணுமெண்டா பற்றரிதான் குடுக்கணும். ஓடுறதுக்கும் அதுதான் குடுக்கணும்." ஆறத் தொடங்கிய பிளேன்ரீயைத் தொட்டுக் காட்டினார். "குளிர் வந்தா பற்றரியும் நம்மளப்போல சுருண்டு படுத்துரும். கோடையில உள்ள பாதிச் சீவன்தான் இரிக்கும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"ஒண்டு சூடா இரிக்கலாம். இல்லாட்டிப் போய்ச் சேரலாம்."

நான் பெரிதாகச் சிரித்தேன். வருகிற வழியில் கொத்துரொட்டி வாங்கினோம். இங்கே ஒரு ஆளுக்குக் கட்டுவதில் பாரிஸில் மூன்று பேர் சாப்பிடுவோம். கடைக்குள் நின்றவர்கள் எல்லோரும் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொத்து அடிக்கிற பெடியன்கூடத் தகட்டை அந்தரத்தில் பிடித்தபடி நின்றான். வன்னியில் செத்தவர்களின் பெயர்ப் பட்டியல் போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண், "எங்கடை இல்லை, எங்கடை இல்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். என் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

சனிக்கிழமை மாமி வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். காரணத்தைச் சுதன்தான் சொன்னான். அவர்கள் கனடாவுக்கு வந்த புதிதில் இருந்தது நகரின் மறுகோடியில், பார்க்டேலில், இரத்தினம் அண்ணை என்ற தனிக்கட்டையின் வீட்டில். அந்த வீட்டுத் தொலைபேசி இலக்கம்தான் ரூபனுக்கு மனப்பாடம். முந்திய கிழமை யாருடையதோ தொலைபேசி கிடைத்து அந்த இலக்கத்துக்குத்தான் எடுத்திருக்கிறான். உயிரோடு இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் காலை பத்து மணிபோலத் திரும்பக் கிடைக்கும், அம்மாவைக் கூப்பிட்டு வையுங்கோ என்று சொன்னதோடு லைன் போய்விட்டது. புது இலக்கத்தைச் சொல்ல அண்ணைக்கு நேரம் கிடைக்கவில்லை.

"அந்தக் கோலை இஞ்சை திருப்பிவிடச் சொல்லேலாதோ?" என்றேன்.

"கேட்டனான். இன்னும் எத்தினை பேற்றை பிள்ளையள் உந்த நம்பரை நம்பி இருக்குதுகள், அதை எப்பிடித் தம்பி உங்கடை வீட்டுக்கு மட்டும் திருப்புறதெண்டு கேக்கிறார்."



ஞாயிறு விடிந்தபோது யன்னல் கண்ணாடியில் பனி செதில் செதிலாக ஒட்டியிருந்தது. அந்தக் குளிர்காலத்திலேயே கடுமையான நாள் என்று வானொலி சொன்னது. ஞாயிறு காலையில் சுரங்க ரயில் பிந்தித்தான் தொடங்கும். வாடகைக்கு ஒரு ராக்சி கூப்பிடுவோம் என்றேன். சுதனின் முகம் சுருங்கியது. "எயாப்போட்டுக்கே போட்டு வாற கார், பார்க்டேலுக்குப் போகாதோ?"

மாமி விடிய எழும்பி இடியப்பம் அவித்து, பெரிய பானை நிறையச் சொதி வைத்திருந்தார். இரத்தினம் அண்ணை வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் சிலர் தொலைபேசிக்காகக் காத்திருப்பார்கள். அங்கே வெறுங்கையோடு போகக்கூடாது என்பது மாமியின் சட்டம். மூடிமேல் துணி கட்டிய பானையை என் கால்களுக்கு நடுவே இறக்கினான் சுதன்.

"மூடியைக் கொஞ்சம் நீக்கி விடு மச்சான். உதுதான் இண்டைக்கு எங்கடை ஹீற்றர்."

"மாமி, கேட்டியளே? உலகத்திலேயே சொதியிலை சூடாகிற முதல் கார். உறைப்புக் காணாட்டி கார் ஏத்தம் ஏறாது. பச்சைமிளகாய் கூடப் போட்டனீங்களோ?"

பின் இருக்கையில் மாமியின் உதடு ஒரு பக்கம் அசைந்தது. நான் வந்த பிறகு முதல் தடவை. எனக்கு உத்தியோக உயர்வு கிடைத்தமாதிரி இருந்தது.

உண்மையில் கொஞ்ச நேரம் சுகமாகத்தான் இருந்தது. கால் சூடு, தேங்காய்ப்பால் வாசம். ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பெருந்தெருவுக்கு வந்தபோதுதான் கவனித்தேன். சுதன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டினான். சொதியின் ஆவியும் மூன்று பேரின் மூச்சும் போய்க் கண்ணாடியில் படிந்திருந்தன. கையால் துடைத்தேன். துடைத்த இடம் அப்படியே உறைந்தது. வெளியே அல்ல, உள்ளே.

"சுரண்டடா!"

வங்கி அட்டையால் சுரண்டினேன். மடியில் பனித் தூள் கொட்டியது. காருக்குள்ளே பனி பெய்வதை அன்றுதான் கண்டேன். சுரண்டிய இடம், நான் கையை எடுக்க முன்னமே திரும்ப வெள்ளையானது. மாமி பின்னாலிருந்து சால்வைத் தலைப்பால் துடைத்தார். சால்வை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது.

சுதன் ஹீற்றரைப் போட்டான். கண்ணாடியின் அடியில் ஒரு கை அகலம் தெளிந்தது. அதே நேரம் முள் சாய்ந்தது. மெல்ல இல்லை, விழுந்தது. நிறுத்தினான். வெள்ளை மூடியது. திரும்பப் போட்டான். முள் விழுந்தது.

"போட்டால் போய்ச் சேராது. போடாட்டித் தெரியாது" என்றான்.

ஒரு லொறி எங்களைக் கடந்தபோது கார் முழுவதும் ஆடியது. அதன் சில்லுகளின் கறுப்பு மட்டும் வெள்ளைக்குள்ளால் தெரிந்தது, என் காதளவில். பயம் வந்தால் எனக்கு வாய் ஓடும். ஆமிச் செக்பொயின்ற்றில்கூடப் பகிடி விட்டு அடி வாங்கியவன் நான். அன்று நாக்கு ஒட்டிக்கொண்டது.

சுதனின் கைத்தொலைபேசியில் நூர் நானாவை எடுத்தேன். சொன்னதும் கத்தினார்.

"சொதியா? காருக்குள்ள சொதிய வெச்சிட்டா ஓடுற? அத வெளிய கொட்டுங்க! எல்லாக் கண்ணாடியயும் இறக்குங்க. வெளிக்காத்து காஞ்ச காத்து. அது ஈரத்த எடுத்துரும். ஹீற்றரத் தொடாதீங்க!"

"நானா, நாங்கள் விறைச்சுச் செத்துப்போவம்."

"சாகமாட்டீங்க. போய்..." அதோடு தொலைபேசி அணைந்தது. அதன் பற்றரியும் குளிருக்குச் சுருண்டு படுத்துவிட்டது. பிந்தி வருகிறோம், லைனைப் பிடித்து வையுங்கோ என்று இரத்தினம் அண்ணைக்குச் சொல்லவும் இனி வழி இல்லை.

சுதன் கரையில் நிறுத்தினான். நான் மாமியைத் திரும்பிப் பார்த்தேன்.

"வெறுங்கையோட எப்பிடித் தம்பி போறது? அதுகளும் போனைப் பாத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்குங்கள்." சொல்லிவிட்டு என்னிடமிருந்து பானையைத் தானே வாங்கினார். கதவைத் திறந்தார். தெருவோரப் பனிக் குவியலில் சொதி முழுவதையும் கவிழ்த்தார். வெள்ளைக்கு நடுவே மஞ்சளாக ஒரு குழி விழுந்து, அதிலிருந்து ஆவி எழுந்தது. மாமி வெறும் பானையை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகத் தன் பக்கக் கண்ணாடியை இறக்கினார்.

"எடு தம்பி. நேரம் போகுது."

அந்த ஓட்டத்தை என்னால் சரியாக எழுத முடியாது. காற்று முகத்தில் அறையவில்லை, முகத்தை உரித்தது. கண்ணீர் இமையில் ஒட்டி, கண்ணை மூடினால் திறக்கக் கையால் பிரிக்க வேண்டியிருந்தது. கண்ணாடி தெளிந்தது. ரோடு தெரிந்தது. முள்ளும் தெரிந்தது. மாமி பானையின் மூடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். சாதாரண நாளாக இருந்தால் அந்தக் காட்சியை வைத்தே ஒரு வருடம் பகிடி விடுவேன்.

நகர் நடுவில், பார்க்டேலுக்கு இன்னும் நல்ல தூரம் இருக்கும்போது, கார் நடக்கிற வேகத்துக்கு வந்தது. பிறகு நின்றது. சத்தம் இல்லாமல் ஓடிய கார், சத்தம் இல்லாமலே செத்தது. சுதன் ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்தான்.

"பற்றரியைக் கொஞ்சம் இளைப்பாற விட்டால் திரும்ப ஓடும்" என்றான்.

"எவ்வளவு நேரம்?"

மாமி இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தார். கையில் பானை, பானைக்குள் இடியப்பப் பெட்டி. வெறிச்சோடிய தெரு. ராக்சி ஒன்றும் இல்லை. ஓடிப்போய்ப் பிடித்தபோது, தூரத்தில் தண்டவாளம் கிறீச்சிட்டது. பார்க்டேல் பக்கம் போகும் தெரு ரயில்.

ஓட்டுநர் ஒரு பெரிய கறுப்பு மனிதர். சில்லறை எடுக்க எங்கள் விரல்கள் மடங்கவில்லை. அவர் மாமியின் முகத்தைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். "அம்மா, போய் இருங்கள். கைகள் திரும்பி வந்த பிறகு தரலாம்" என்றார்.

இருக்கைக்கு அடியிலிருந்து அனல் அடித்தது. என் ஜம்பரில் இருந்த பனி உருகி வடிந்தது.

"டேய், உதுவும் கரண்டிலைதானே ஓடுது? பார், அடுப்புக்குமேலை இருக்கிறமாதிரி இருக்கு."

"அது மேலை வயரைப் பிடிச்சுக்கொண்டு ஓடுது. வேணுமெண்டமட்டும் குடிக்கும்" என்றான் சுதன், அழுகிற குரலில். "என்ரை கார் முழுக்கத் தன்ரை முதுகிலை சுமக்க வேணும்."

ஒவ்வொரு தரிப்பிலும் நின்றது. ஒவ்வொரு தரிப்பிலும் மாமி முன்னால் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து தாண்டிவிட்டது. சுதனும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

இரத்தினம் அண்ணை இடுப்பில் சாரமும் வெறும் மேலுமாகக் கதவைத் திறந்தார். அந்தப் பழைய கட்டடத்தில் சூடு வாடகைக்குள் அடக்கம். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. யன்னலைத் திறந்துவைத்துவிட்டு வியர்த்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியைச் சுற்றி நாலைந்து பேர்.

"எடுத்தவனோ?" மாமிக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் இல்லை அக்கா. ஒருக்கா அடிச்சது. எடுக்க ஒரு இரைச்சல்தான். ஆரெண்டு தெரியேல்லை. வாங்கோ, இருங்கோ."

அந்த ஒருக்கா அடித்தது ரூபனாக இருந்தால்? எனக்குக் கைகளில் உயிர் திரும்பி, நெருப்பில் வைத்ததுபோல எரிந்தது. அதைவிட அந்த இரைச்சல் எரித்தது. சொதியைக் கொட்ட எடுத்த நேரம், முள்ளைப் பார்த்து மெல்லப் போன நேரம் எல்லாவற்றையும் மனம் கூட்டிப் பார்த்தது.

தொலைபேசி அடித்தது. இரத்தினம் அண்ணை எடுத்தார். கேட்டார். நீட்டினார். "அக்கா, உங்கடை."

மாமி வாங்கினார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. தாடை விறைத்திருந்ததோ, அழுகையோ. "அம்மா? அம்மா, நிக்கிறியளோ?" என்று உள்ளே இருந்து கேட்பது எங்களுக்கும் கேட்டது. மாமி தலையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னார். பிறகு தொலைபேசியை என் கையில் திணித்தார்.

"டேய் ரூபன், நான் பாபு."

"பாபுவோ? நீ எப்பிடியடா அங்கை? அம்மாக்கு என்ன?"

அவனுக்குப் பின்னால் ஏதோ தூரத்தில் இடிந்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

"கொம்மா நல்லா இருக்கிறா. உன்ரை தம்பி ஒரு கார் செய்திருக்கிறான். ஹீற்றர் போட்டால் கார் நிண்டிடும். அதுக்காகக் கொம்மா சொதிப் பானையை வைச்சுக் காரைச் சூடாக்கினவ. கண்ணாடி முழுக்கச் சொதி உறைஞ்சு, நாங்கள் வங்கி அட்டையாலை சுரண்டி..."

பிறகு விக்கல்போல ஒன்று. இன்னொன்று. ரூபன் அடக்கப் பார்க்கிறான், முடியவில்லை. நான் தொலைபேசியை மாமியின் காதில் வைத்தேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சாப்பிட்டியோ அப்பு?" என்றார் கடைசியில்.

அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. "ஓம், நான் சாப்பிடுறன். சத்தியமா. நீ பிள்ளையைப் பார்" என்றார் மாமி. அதோடு லைன் போனது. காதிலிருந்து எடுக்க மறந்து கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே நின்றார். அடுத்த ஆள் கையை நீட்டிய பிறகுதான் கொடுத்தார்.

இடியப்பம் விறைத்து, பெருக்குகிற தும்புக்கட்டையாக இருந்தது. சொதி இல்லை. மாமி அதை எல்லோருக்கும் பங்கிட்டுவிட்டு, தன் பங்கைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். விழுங்கினார். இன்னொன்று போட்டார். நான் அப்பாவுக்குச் சொல்வதற்காகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் பாரிஸ் திரும்பி, பனி போய், மே மாதத்தில் சண்டை முடிந்தது. அந்த இலக்கத்துக்கு ரூபன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. முகாம்களில் தேடினோம். கண்டவர்கள் என்று யாரும் இல்லை. இல்லை என்று சொன்னவர்களும் இல்லை.

சில காலத்துக்கு முன் திரும்பவும் ரொறன்ரோ போனேன். சுதன் இப்போது கம்பனியே செய்த மின்சாரக் கார் வைத்திருக்கிறான். இருக்கை சுடுகிறது, ஸ்ரியறிங் சுடுகிறது. "குளிருக்கு ஓட்டம் குறையும்தான். ஆனால் றோட்டிலை விடாது" என்றான். இரத்தினம் அண்ணை முதியோர் இல்லத்துக்குப் போகும்போது அந்தப் பழைய இலக்கத்தை யாருக்கும் விடாமல், சுதனின் கைத்தொலைபேசிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தத் தொலைபேசி காரின் முன்பக்கத்தில் ஒரு பிடியில் நிற்கிறது.

என்னை விமான நிலையத்தில் விட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மூவருமாகப் புறப்பட்டோம். வெளியே அதே பல் உள்ள குளிர். உள்ளே ஜம்பரைக் கழற்றலாம்போல இருந்தது. மாமி நல்லாகத்தான் இருந்தார். நான் விட்ட பகிடிகளுக்குச் சிரிக்கவும் செய்தார். பத்து மணியாகும்போது பின்னாலிருந்து சுதனின் தோளைத் தொட்டார்.

"தம்பி, உந்த ஹீற்றரை ஒருக்கா நிப்பாட்டு. காத்துச் சத்தத்திலை கேளாது."

நான் திரும்பி ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். சுதன் அதற்குள் ஹீற்றரை அணைத்தான். பழகிய கை. கார் சத்தமே இல்லாமல் ஓடியது. கொஞ்சத்தில் எங்கள் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கத் தொடங்கியது. மாமி தன் பக்கக் கண்ணாடியை விரலளவு இறக்கிவிட்டு, முன்னால் நின்ற தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.